இன்னும் நூறு அடி: ஒரு திட்டம் தேறுமா என்று பார்ப்பது எப்படி

காங்கேயத்துக்குத் தெற்கே என் பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்). கிணறு வற்றிப்போன ஒரு கோடையில் ஆழ்குழாய்க் கிணறு போடுவதென்று வீட்டில் முடிவானது. முதலில் நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றினார். வேலியோர வேப்பமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. "இரண்டு ஊற்று கூடுகிற இடமுங்க, முந்நூறு அடிக்குள் தண்ணீர் வந்துவிடும்" என்றார். அன்று இரவே திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்துவிட்டது. கையில் 400 அடிக்குப் பணம் இருந்தது. 400 அடியிலும் தண்ணீர் இல்லை, பாறைத்தூள் புகைதான் வந்தது. ரிக்காரர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். "இன்னும் நூறு அடி போய்ப் பார்த்துவிடலாமுங்க." ஐந்நூறு ஆயிற்று, அறுநூறு ஆயிற்று. ஆழம் கூடக்கூட அடிக்கு உண்டான ரேட்டும் கூடியது. விடியும்போது 950 அடியில் நிறுத்தினோம். அதற்குமேல் பெரியப்பாவிடம் பணம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் ஏதுமில்லை.

திட்ட மேலாண்மை, சாத்தியக்கூறு ஆய்வு என்று வகுப்பறையில் நடத்துகிற பாடத்தில் பாதி அந்த ஒரு இரவில் அடங்கிவிடும். தண்ணீர் உண்டா இல்லையா என்று எங்களுக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு இடத்தைக் காட்டினால்தான் காசு, இன்னொருவருக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு. "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்வதால் இருவருக்குமே வருமானம் கிடையாது. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தேங்காய்க்காரர் தேங்காயை மனதார நம்பினார். எந்த விடை வந்தாலும் தன் கூலி மாறாத ஒருவரைத்தான் முதல் கேள்வி கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

எங்கே நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே எழுதி வைக்காதது அடுத்த பிழை. கொங்கு நாட்டின் அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேலே சிதைந்து இளகிய பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப்போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். ஆகவே ஒவ்வொரு நூறு அடிக்கும் செலவு ஏறுகிறது, தண்ணீர் வரும் வாய்ப்பு இறங்குகிறது. 400 அடிவரை செலவான பணம் தண்ணீர் வந்தாலும் திரும்பாது, வராவிட்டாலும் திரும்பாது. அடுத்த நூறு அடிக்கு ஆகும் செலவு, அந்த நூறு அடிக்குள் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்புக்குத் தகுமா என்ற ஒன்றைத்தான் அந்த நேரத்தில் கேட்க வேண்டும். பெரியப்பா கேட்டதோ, "இவ்வளவு போட்டுவிட்டு எப்படி விடுவது?" என்று. பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்கிறார்கள். எங்கள் காட்டில் அது, ஆழ்குழாயின் வாயில் இறக்கி மூடி போட்ட கேசிங் பைப்பாக இன்றும் நிற்கிறது.

திட்டம் என்றால் எது?

தினமும் பால் கறப்பது திட்டம் ஆகாது. மாட்டுக் கொட்டகை கட்டுவது திட்டம். தொடக்கமும் முடிவும் உள்ள, ஒரு முறை மட்டுமே செய்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். என்ன செய்யப்போகிறோம் (எல்லை), எத்தனை நாளில் (காலம்), எவ்வளவு பணத்தில் (செலவு) என்ற மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் நகரும். கொட்டகையில் இரண்டு மாட்டுக்கு இடம் கூட்டினால் பணமோ நாளோ கூடித்தான் ஆக வேண்டும். கேட்க எளிய கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, கூட்டப்பட்டது. தண்ணீர் அதே தண்ணீர். இன்று அத்திட்டத்தின் திருமூர்த்தி அணைப் பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, சுழற்சி முறையில் ஒவ்வொரு மண்டலமாகத் திறக்கிறார்கள். எல்லை விரிந்தால் ஆளுக்குக் கிடைப்பது சுருங்கும் என்பது பல்லடம், உடுமலைப் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லை, காலம், செலவு ஆகியவற்றைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை. திட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கே அல்ல என்பது என் எண்ணம். திட்டமே தொடங்கலாமா என்று கேட்கிற கட்டத்தில்தான் அவை கெடுகின்றன.

மேடு பள்ளம் பார்ப்பது

தொழில்நுட்ப ரீதியாக முடியுமா என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டில் பழைய உதாரணம் காளிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. பவானி ஆறு காவிரியில் சேருமுன் அணைக்கட்டு கட்டி, அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, கொடுமுடிக்குப் பக்கத்தில் நொய்யலில் விட்டார்கள். நேர்கோட்டில் போனால் தூரம் வெகுவாகக் குறைவு. வாய்க்கால் அப்படிப் போகவில்லை. வளைந்து வளைந்து போகிறது. பாம்பு முன்னே ஊர்ந்து வழிகாட்ட, அதன் தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். பாம்புக் கதையை விலக்கிவிட்டுப் பார்த்தால் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற சமமட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போன ஒரு நுட்பமான நில அளவை தெரிகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஓரத்து வயல்களுக்குப் பாயும் அளவுக்கு மட்டம் உயர்ந்தும் இருக்க வேண்டும். அந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்துதான் வாய்க்காலை வளைத்திருக்கின்றன.

அதே அணைக்கட்டில்தான் நம் காலத்துத் திட்டம் ஒன்றும் தொடங்குகிறது. அத்திக்கடவு – அவினாசித் திட்டம் சுமார் அறுபது ஆண்டுக் கோரிக்கை. பவானியின் மேற்பகுதியில், அத்திக்கடவில் இருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் தானாகவே ஓடிவரும் என்பது பழைய யோசனை. இறுதியில் நிறைவேறியது வேறு. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களால் மேலேற்றி, குழாய்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைத்தார்கள். செலவு சுமார் 1,916 கோடி ரூபாய். பெயரில் மட்டும் அத்திக்கடவு தங்கிவிட்டது.

இதில் படிக்க வேண்டிய பாடம் பெயர் மாறாததில் இல்லை, கணக்கு மாறியதில் இருக்கிறது. தானாக ஓடுகிற தண்ணீருக்குப் பெரும்பாலும் கட்டும்போதுதான் செலவு. ஏற்றி விடுகிற தண்ணீருக்கு மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும் மின்சாரச் செலவு. முதலீட்டைப் பார்த்து ஒரு திட்டத்தை மலிவு என்று சொல்லிவிட முடியாது, அது உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் என்ன கேட்கும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வரும் என்பதுதான் திட்டத்தின் அடித்தளம். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். 1,045 குட்டைகளுக்குச் சராசரியாகப் பிரித்தால் ஒன்றுக்கு 14 லட்சம் கன அடி. பெருக்கல் சரியாக இருப்பதால் ஆற்றில் 70 நாள் உபரி ஓடும் என்று ஆகிவிடாது. மழை பொய்த்த வருடத்தில்தான் குட்டைக்குத் தண்ணீர் அவசரமாகத் தேவைப்படும். அந்த வருடத்தில்தான் உபரியும் இருக்காது. திட்டம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல வருடத்தில் நிலத்தடியில் சேர்த்துவைத்து மோசமான வருடத்தில் எடுப்பதற்கான திட்டம் அது. அதிலிருந்து எல்லா வருடமும் தண்ணீர் வரும் என்று தென்னை வைத்தால் தவறு நம்முடையது.

யார் வாங்குவார்கள், யார் இழப்பார்கள்

கட்ட முடியும் என்பதாலேயே ஒரு திட்டம் தேறிவிடாது. திருப்பூரில் 1990-களில் பனியன் ஏற்றுமதி வளர்ந்த வேகத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. சாயப்பட்டறைகளும் ஊர் மக்களும் லாரித் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு குடிநீர்த் திட்டம் வகுத்தார்கள். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், சுமார் 1,023 கோடி ரூபாய். இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி என்று பேசப்பட்டது. தொழிற்சாலைகள் அதிக விலை கொடுத்து வாங்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தரலாம் என்பது ஏற்பாடு. குழாய் பதித்தார்கள், தண்ணீரும் வந்தது. பொறியியலில் குறையில்லை.

சாயக்கழிவு பற்றிய வழக்கில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அது நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. மீண்டும் திறந்த பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. அப்படியானால் புதுத் தண்ணீருக்கு எவ்வளவு தேவை இருக்கும்? எதிர்பார்த்த அளவுக்குத் தொழிற்சாலைகள் வாங்கவில்லை, திட்டம் கடன் சுமையில் தவித்தது. திட்ட அறிக்கை எழுதியபோது ‘சாயப்பட்டறைகள் இப்படியே ஓடும்’ என்பதை யாரும் ஒரு அனுமானமாகவே நினைத்திருக்க மாட்டார்கள். அது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போலத் தெரிந்திருக்கும். ஆபத்தான அனுமானங்கள் அப்படித்தான் இருக்கும்.

அதே சாயக்கழிவின் மறுபக்கம் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யலின் குறுக்கே, சென்னிமலைப் பக்கத்தில், 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். அணை உறுதியாகத்தான் இருந்தது. மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயத் தண்ணீர் அதில் தேங்கியது. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின, காடுகள் கெட்டன. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலைக்கு வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று கொங்கு விவசாயி சொல்லி வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா? எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட்டவர்கள் எந்தத் தண்ணீர் வரும் என்று கேட்கத் தவறினார்கள்.

மக்கள் பக்கம் இன்னும் சிக்கலானது. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மண் கரை வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் போட 700 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியபோது விவசாயிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைமடையில் இருப்பவருக்குக் கசிவு என்பது நஷ்டம், கரை ஓரத்தில் கிணறு வைத்திருப்பவருக்குக் கசிவுதான் பாசனம். வாய்க்காலின் திறன் ஏட்டில் உயர்ந்தால் போதுமா, ஏட்டில் இல்லாத கிணறுகளை யார் எண்ணினார்கள்? ஒரு திட்டத்தால் பயன்பெறுவோர் பட்டியல் எல்லா அறிக்கையிலும் இருக்கும். இழப்போர் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் பின்னால் போராட்டமாகவோ நீதிமன்ற வழக்காகவோ வந்து சேரும்.

எந்த நாளை இழக்கலாம்

தொடங்கலாம் என்று முடிவான பிறகு நாள் கணக்கு. இதில் ஒரே ஒரு கருத்தை மட்டும் புரிந்துகொண்டால் போதும். மொத்த நாளையும் தீர்மானிக்கிற, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று தொடர்கிற வேலைகளின் வரிசை அது. தீர்வழி (critical path) என்று அதைச் சொல்லலாம். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு ரசாயன நிறுவனமும் கடற்படையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதற்கு முறையான வடிவம் கொடுத்தன. ஆர்டரை நூலிலிருந்து கப்பல்வரை கொண்டுபோகிற திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு அது அன்றாடச் சோறு.

ஒரு டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்க 10 நாள், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் 8, சாயம் 12, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் 2, கட்டிங் 5, தையல் 20, செக்கிங் முதல் பேக்கிங் வரை 8. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கூட்டினால் 65 நாள். கழுத்தில் தைக்கிற லேபிள் இதோடு சேராமல் தனியாக வருகிறது. பையர் ஒப்புதலோடு சேர்த்து 25 நாள். தையல் தொடங்குவது 37 நாள் கழித்து. ஆக லேபிளுக்கு 12 நாள் தளர்வு இருக்கிறது. லேபிள் 10 நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சாயம் 2 நாள் தாமதமானால் தூத்துக்குடியில் கப்பல் 2 நாள் காத்திருக்காது. அப்புறம் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். ஆர்டரின் லாபம் அந்த விமானத்திலேயே பறந்துவிடும்.

நான் பார்த்தவரை நிர்வாகத் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். முதலாளி பதற்றத்தில் எல்லோரையும் சேர்த்து விரட்டுவார். லேபிள்காரருக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஐந்து நாள் முன்னால் வாங்கி அலமாரியில் வைப்பார்கள். ஒரு நாள்கூட மிச்சமாகாது. அதே பணத்தைச் சாயப்பட்டறையில் முறை பிடிக்கச் செலவிட்டிருந்தால் கப்பல் கிடைத்திருக்கும். தளர்வு தீர்ந்துவிட்டால் வழியும் மாறிவிடும். லேபிள் 15 நாள் தாமதமானால் இனி அதுதான் தீர்வழி. கணக்கை மறுபடி போட வேண்டும். நாள்காட்டியில் நோம்பியையும் (கோயில் திருவிழா) சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் தையல் மெஷினுக்கு ஆள் வராது. தீபாவளிக்கு வடமாநிலத் தொழிலாளர் ஊருக்குப் போனால் திரும்ப எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. கணினியில் வரைகிற அட்டவணைக்கு இது எதுவும் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் கோழி ஷெட்

ஆழ்குழாய்க் கிணறு பொய்த்த மூன்றாம் வருடம் பெரியப்பாவுக்குக் கோழிப்பண்ணை யோசனை வந்தது. ஒப்பந்தக் கோழி வளர்ப்பு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். ஷெட், கரண்டு, வேலை நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. வங்கிக் கடனுக்கு ஆடிட்டர் ஒருவர் பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. 10,000 கோழி, ஷெட் செலவு 30 லட்சம், அதில் கடன் 20 லட்சம், 11 சதவீத வட்டி, ஏழு வருடம். வருடத் தவணை 4.11 லட்சம். ஒரு பேட்ச்சுக்குச் செலவு போக ஒரு லட்சம் மிச்சம். வருடத்துக்கு ஏழு பேட்ச், ஏழு லட்சம். தவணையைப் போல 1.7 மடங்கு வருமானம். வங்கி மேலாளர் முகம் மலர்கிற விகிதம் அது.

பிராஜெக்ட் ரிப்போர்ட் என்று நம் பக்கத்தில் புழங்குவது பெரும்பாலும் முடிவெடுத்த பிறகு எழுதப்படுகிற காகிதம். கடன் கிடைக்க என்ன விகிதம் வேண்டுமோ அதில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுவார்கள். அதில் இருக்கிற எண்கள் பொய்யாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதாகவே இருக்கும். எல்லாம் ஒரே வருடத்தில் சேர்ந்து நடக்குமா என்பதைத்தான் அந்தக் காகிதம் சொல்லாது.

இந்த முறை நாங்கள் ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டோம். கோழி வளர 42 நாள். ஏழு பேட்ச் வர வேண்டுமானால் இரண்டு பேட்ச்சுக்கு நடுவே 10 நாள்தான் இடைவெளி. அந்த இடைவெளி 20 நாள் ஆனால் வருடத்துக்கு ஆறுகூட நிறையாது. 30 நாள் ஆனால் ஐந்து. இடைவெளியை யார் முடிவு செய்வது? கம்பெனி. கறி விலை சரிந்தால் குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடுவார்கள். ஐந்து பேட்ச் என்றால் வருமானம் தவணையைப் போல 1.2 மடங்கு, நான்கு என்றால் தவணைக்கே போதாது. ஐந்து பேட்ச்சோடு கோடையில் சாவு கொஞ்சம் கூடி பேட்ச் மிச்சம் 80,000 ஆகக் குறைந்தாலும் அதே நிலைதான். ஒரே ஒரு எண் கொஞ்சம் கெடுவதைப் பல திட்டங்கள் தாங்கும், இரண்டு எண் சேர்ந்து கெடும்போதுதான் பெரும்பாலும் சாயம் வெளுக்கும்.

பிறகு அறிக்கையில் இல்லாத வரிகளைத் தேடினோம். பெரியம்மாவின் கூலி இல்லை. அவர்தான் விடிய நாலரைக்கு எழுந்து தண்ணீர்க் குழாய் பார்க்க வேண்டும், ஷெட் தரையில் பரப்பிய தேங்காய் மஞ்சியைக் கிளற வேண்டும். சொந்தப் பணம் 10 லட்சத்துக்கும் வட்டி போடவில்லை. வங்கியில் கிடந்தால் 7 சதவீதத்தில் 70,000 வரும். ஐந்து பேட்ச் வருடத்தில் தவணை போக மிஞ்சுவது 89,000. ஆக இரண்டு பேர் வருடம் முழுவதும் உழைத்ததற்குக் கூலி 19,000 ரூபாய். ஏழு வருடம் கழித்து ஷெட் கடனில்லாமல் நிற்கும் என்பது உண்மைதான். அதற்குள் கூரையும் தண்ணீர் லைனும் ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை.

இருந்தாலும் காகிதத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. பெரியப்பா பழைய டி.வி.எஸ்-ஐ எடுத்துக்கொண்டு பல்லடம் பக்கம் ஏற்கனவே ஷெட் வைத்திருந்த நான்கு பேரைப் போய்ப் பார்த்தார். கம்பெனியின் ஆள் யாரும் கூட வரவில்லை. லாபம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "போன பேட்ச் கோழி ஏற்றினது என்றைக்குங்க, இந்தப் பேட்ச் குஞ்சு இறக்கினது என்றைக்குங்க?" என்று இரண்டு தேதிகளை மட்டும் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார். ஒருவருக்கு 18 நாள். இரண்டு பேருக்கு 30-க்கு மேல். நான்காமவரின் ஷெட்டில் அன்று கோழியே இல்லை. மூலையில் வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து டைரியைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா படித்துவிட்டு, வேப்பமரத்தடியில் நிற்கிற கேசிங் பைப்பைப் பார்த்தார். ஷெட் கட்டவில்லை. அறிக்கைக்கு 5,000 ரூபாய் என்றார் ஆடிட்டர். பேரம் பேசாமல் பெரியப்பா அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.